அழுக்காறும் அறச்சீற்றமும்: பொல்பிட்டியச் சூழலை முன்வைத்து ஒரு சமூகவியல் நோக்கு

பிறர் ஆக்கங் கண்டு மனம் பொறாதிருத்தல் என்பது தனிமனித ஒழுக்கக் குறைபாடு என்ற அளவிலேயே நம்மிடையே பெரிதும் பேசப்பட்டு வந்துள்ளது. அறநூலார் அதனைக் கடிந்தனர். சமயவாணர் அதனைப் பாவங்களுள் ஒன்றாக எண்ணினர். உளவியலார் அதன் வேர்களைக் குழந்தைப் பருவத்து அனுபவங்களிலே தேடினர். ஆயின் இவ்வுணர்வு எத்தகைய சமூகச் சூழலில் மிகுகின்றது, எவர்மீது பாய்கின்றது, எவரைத் தீண்டாது விடுகின்றது என்னும் வினாக்கள் போதிய அளவு எழுப்பப்படவில்லை. இவ்வினாக்களை இலங்கை மலையகப் பெருந்தோட்டச் சமூகத்தை, குறிப்பாகப் பொல்பிட்டியவையும் அதன் சுற்றுப்புறத்தையும் முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொறாமை என்னும் சொல்லின் அமைப்பே நம் கவனத்திற்குரியது. பொறுத்தல் என்பதன் எதிர்மறை அது. பிறன் பெற்ற நன்மை தன்மேல் ஏற்றப்பட்ட ஒரு சுமைபோலத் தோன்ற, அதனைத் தாங்கமாட்டாமையே பொறாமையாகும். திருக்குறளில் 16ஆம் அதிகாரம் பொறையுடைமை. அதனை அடுத்து வரும் 17ஆம் அதிகாரம் அழுக்காறாமை. பிறர் செய்த தீமையைப் பொறுக்குமாறு கூறிய ஆசிரியர், உடனடியாகவே பிறர் பெற்ற நன்மையைப் பொறுக்குமாறும் கூறுகின்றார். முன்னதினும் பின்னது அரிது என்பது உலகியலறிந்தோர்க்குப் புலனாகும். இவ்வதிகாரத்திலே இரண்டு கருத்துகள் நமது ஆய்வுக்குப் பெரிதும் பயன்படுவன. ஒருவன் மற்றொருவனுக்குக் கொடுப்பதைக் கண்டு அழுக்கறுப்பவனுடைய சுற்றம் உணவும் உடையுமின்றிக் கெடும் என்பது ஒன்று. பொறாமையாளன் செல்வமும் செவ்வியோன் வறுமையும் ஆராயப்பட வேண்டியவை என்பது மற்றொன்று. முன்னையது, அழுக்காறு கொடுப்பவன், பெறுபவன், பார்த்திருப்பவன் என மூவரைக் கொண்ட நிகழ்ச்சி என்பதை உணர்த்துகின்றது. பின்னையது, உலகிற் காணப்படும் பங்கீடு எப்போதும் நியாயமானதன்று என்பதை ஒப்புக்கொள்கின்றது. கொடுக்கும் கையையும், பங்கீட்டின் நியாயத்தையும் மறந்து, பார்த்திருப்பவன் மனத்தை மட்டும் ஆராய்வது அரைகுறை ஆய்வேயாகும்.

1. மின்னொளியும் குப்பி விளக்கும்

மத்திய மலைநாட்டின் மேற்கு விளிம்பில், கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் ஒன்றுகூடிக் களனி கங்கையாகும் பகுதியை அண்டி அமைந்தது பொல்பிட்டிய. இவ்வாறுகளின் நீர்வலுவைக் கொண்டு மின்சாரம் பெறலாம் என்னும் கருத்தைப் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918ஆம் ஆண்டிலேயே ஆய்வுரையாக முன்வைத்தார். அக்கருத்து நடைமுறைக்கு வர மூன்று தசாப்தங்கள் சென்றன. 1950இல் லக்ஷபான மின்னிலையம் இயங்கத் தொடங்கியது. 1965இல் காசல்ரி நீரைப் பயன்கொள்ளும் விமலசுரேந்திர மின்னிலையமும், 1969இல் பொல்பிட்டிய மின்னிலையமும், 1974இல் புதிய லக்ஷபான மின்னிலையமும் தொடர்ந்தன. லக்ஷபானத் தேக்கத்திலிருந்து சுரங்கவழி வரும் நீரைக் கொண்டு தொடக்கத்தில் 75 மெகாவாற்று வலுவுடன் இயங்கியது பொல்பிட்டிய நிலையம். இவ்வாற்றுத் தொகுதியின் மேற்பகுதியில், மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தின் பொருட்டுப் பழைய மஸ்கெலியா நகரமே நீருள் மறைந்தது.

இவ்வாறு பிறந்த மின்சாரம் உயர்ந்த இரும்புக் கோபுரங்களின் வழியே தேயிலை மலைகளைக் கடந்து தலைநகரை அடைந்தது. அக்கோபுரங்களின் கீழிருந்த லயங்களிலோ பல்லாண்டுகள் மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கே எரிந்தது. தன் ஊர் நீர் தந்த ஒளி தன் தலைக்கு மேலாகப் பிறர் இல்லத்துக்குச் செல்வதை நாள்தோறும் கண்ட மக்கள் இவர்கள். பிறர் வாழ்வு கண்டு பொருமுவதற்கு இதனினும் சிறந்த காரணம் வேண்டுவதில்லை எனத் தோன்றும். ஆயினும் லயத்து வாழ்வை உற்று நோக்குவோர்க்கு வியப்பான ஓர் உண்மை புலப்படும். கொழும்பு மாளிகையின் மின்விளக்கு லயத்து மக்களிடையே பொறாமையைத் தூண்டியதில்லை. துரையின் பங்களாவும் தூண்டியதில்லை. அடுத்த காம்பிராவில் புதிதாகப் போடப்பட்ட தகரமும், எதிர் லயத்துப் பிள்ளைக்குக் கிடைத்த ஆசிரிய நியமனமும், பக்கத்து நிரையில் நின்றவளின் கூடைப் பாரமுமே தூண்டின. இந்த முரண்பாட்டுக்கு விளக்கம் காணவேண்டும்.

2. பக்கவாட்டுப் பார்வை

இம்முரண்பாடு மலையகத்துக்கு மட்டும் உரியதன்று. அரிஸ்டோட்டில் தமது சொல்லாட்சிக் கலை பற்றிய நூலின் இரண்டாம் பகுதியில், காலத்தாலும் இடத்தாலும் வயதாலும் புகழாலும் தமக்கு அண்மையில் உள்ளோர்மீதே மாந்தர் பொறாமை கொள்வர் என விளக்கியுள்ளார். எட்டமுடியாத உயரத்தில் இருப்பவனோடு எவரும் தம்மை ஒப்பிடுவதில்லை. ஒப்பீடு இல்லாதவிடத்து அழுக்காறும் இல்லை.

இரண்டாம் உலகப் போர்க்காலத்து அமெரிக்கப் படைவீரரைப் பற்றி ஸ்ரௌபரும் அவர்தம் குழுவினரும் நிகழ்த்தி 1949இல் வெளியிட்ட ஆய்வு இதனை வேறொரு வகையில் உறுதிப்படுத்தியது. பதவியுயர்வு விரைந்து கிடைத்த விமானப் படையினரிலும், அது அரிதாகவே கிடைத்த இராணுவப் பொலிசார் தமது நிலைபற்றிக் கூடிய மனநிறைவு உடையவராயிருந்தனர். பலர் உயரும் இடத்தில் உயராதவன் தன்னை இழப்புற்றவனாகக் கருதுகின்றான்; எவரும் உயராத இடத்தில் அவ்வெண்ணம் எழுவதில்லை. மனக்குறையை அளப்பது உண்மையான இல்லாமையன்று, தான் யாரோடு தன்னை ஒப்பிடுகின்றான் என்பதே என்னும் கருத்து இதனின்று வளர்ந்தது. 1966இல் ரன்சிமன் இங்கிலாந்துத் தொழிலாளரைப் பற்றி எழுதிய நூலில் இக்கருத்து வர்க்க ஏற்றத்தாழ்வோடு இணைத்து விரிவாக ஆராயப்பட்டது.

மானிடவியலாளர் ஜோர்ஜ் பொஸ்ரர் 1965இல் வெளியிட்ட கட்டுரையொன்று நமக்கு இன்னும் நெருக்கமானது. மெக்சிக்கோ நாட்டுக் கிராமம் ஒன்றை ஆராய்ந்த அவர், நிலம், செல்வம், உடல்நலம், அன்பு, மதிப்பு முதலிய நன்மைகள் யாவும் ஓர் எல்லைக்குட்பட்ட அளவிலேயே உலகில் உள்ளன என்னும் எண்ணம் குடியானவர் மனத்தில் ஆழப் பதிந்துள்ளதாகக் கூறினார். மொத்தம் மாறாததாயின் ஒருவன் கூடுதலாகப் பெற்றது மற்றொருவன் இழந்ததே ஆகவேண்டும். எனவே அண்டைவீட்டான் உயர்ச்சி தன் தாழ்ச்சியாகத் தோன்றுகின்றது. உயர்ந்தவன் தன் உயர்வை மறைக்கின்றான். உயராதவன் அதனைத் துருவி அறிய முயல்கின்றான்.

பொஸ்ரர் இதனைக் குடியானவர் மனத்திலுள்ள ஒரு படிமமாகக் கண்டார். அப்படிமம் நீங்கினால் முன்னேற்றம் வரும் என்பது அவர் வாதத்தின் உட்கிடை. நாம் அவரோடு மாறுபடுவது இவ்விடத்திலேதான். பெருந்தோட்டத்தில் இஃது மனப்படிமம் அன்று. செக்ரோல் புத்தகத்தில் எழுதப்பட்ட கணக்கு அது.

3. லயத்தின் கணக்கு

பெருந்தோட்ட அமைப்பைச் சற்று விரித்து நோக்குவோம். நீண்ட ஒரு கூரையின் கீழ் ஒற்றைச் சுவர்களாற் பிரிக்கப்பட்ட, பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான காம்பிராக்களின் வரிசையே லயம். அடுத்த வீட்டு அடுப்பில் என்ன வேகின்றது என்பதை மூக்கும், என்ன பேச்சு நடக்கின்றது என்பதைச் செவியும் அறியும். எல்லோர்க்கும் ஒரே வகைத் தொழில், ஒரே சம்பள நாள், ஒரே கடை, ஒரே கோயில். வேறுபாடு எவ்வளவு சிறிதாயினும் மறைக்க முடியாத இடம் இது. அரிஸ்டோட்டில் கூறிய அண்மைகள் அனைத்தும் ஒருங்கே கூடிய இடம் எனலாம்.

இத்தகைய ஒத்த மக்களிடையே சிற்சில நன்மைகள் பங்கிடப்படுகின்றன. கொழுந்து செழித்த நிரை யாருக்கு, காய்ந்த நிரை யாருக்கு என்பதைக் கங்காணி தீர்மானிக்கின்றார். கொழுந்து மடுவத்தில் கூடைக்கும் ஈரத்துக்குமாக எத்தனை இறாத்தல் கழிப்பது என்பதைக் கணக்கப்பிள்ளை தீர்மானிக்கின்றார். நிர்ணயித்த அளவு பறித்தால் ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர். ஆக, ஒரு நாளின் ஊதியம் உழைப்பால் மட்டுமன்றி, ஒருவரின் தயவாலும் நிர்ணயிக்கப்படுகின்றது. தொழிற்சாலை வேலை, காவல் வேலை, பங்களா வேலை, பிள்ளை மடுவத்து ஆயா வேலை, ஒரு துண்டு மரக்கறித் தோட்டம், மாட்டுக் கொட்டில் கட்ட இசைவு ஆகியனவும் இவ்வாறே. இவற்றின் எண்ணிக்கை வரையறைப்பட்டது. ஒருவர் பெற்றால் மற்றவர் பெறார். பங்கீட்டின் விதியோ எங்கும் எழுதி ஒட்டப்படுவதில்லை.

விதி அறியப்படாத இடத்தில் ஊகம் பிறக்கின்றது. அவளுக்கு நல்ல நிரை கிடைத்தது எவ்வாறு? இவன் மகனுக்குத் தொழிற்சாலையில் இடம் கிடைத்தது எவரைப் பிடித்து? வினா கொடுத்த கையை நோக்கிச் செல்வதில்லை. கொடுத்த கையைப் பகைப்பது ஆபத்தானது. நாளை அதே கை தனக்கும் கொடுக்கக் கூடும். எனவே பெற்றவள்மீது அது திரும்புகின்றது. வாய்ப்புகளைக் குறைவாகவும், விதியின்றியும், கீழ்நிலையாளரின் விருப்பப்படியும் பங்கிடும் அமைப்பு, அதனைத் திட்டமிட்டுச் செய்தாலும் செய்யாவிட்டாலும், பொறாமையை உற்பத்தி செய்யும் ஓர் ஆலையாக இயங்குகின்றது. அவ்வுற்பத்தியின் பயனும் அமைப்புக்கே சேர்கின்றது. ஒருவரையொருவர் ஐயுறுவோர் ஒன்றுபட்டுக் கேட்கமாட்டார்.

இதற்கு வரலாற்று வேர்கள் உள. கோப்பிக் காலந்தொட்டுத் தொழிலாளர் தனித்தனியாகவன்றிக் கங்காணிமாரின் ஆட்களாகவே தோட்டத்திற் சேர்க்கப்பட்டனர். தலைக்காசு, முற்பணம், கடன் என்பவற்றால் அவர்கள் கங்காணியோடு பிணிக்கப்பட்டிருந்தனர். துண்டு முறை 1921இல் ஒழிக்கப்படும் வரை, கங்காணியின் கடன் தீர்ந்ததென்னும் சீட்டின்றி வேறு தோட்டம் செல்லவும் இயலாதிருந்தது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் முதன்முறையாகச் சம்பளத்தைத் தயவின் எல்லையிலிருந்து விதியின் எல்லைக்குக் கொண்டுவந்தது. ஆயினும் சம்பளத்துக்குப் புறம்பான நன்மைகள் நெடுங்காலம் தயவின் எல்லையிலேயே நின்றன.

கண்ணேறு பற்றிய நம்பிக்கையையும் இப்பின்னணியில் வைத்தே நோக்கவேண்டும். கல்லடி பட்டாலும் கண்ணடி படலாகாது என்னும் பழமொழி தோட்டத்தில் நாள்தோறும் கேட்கப்படுவது. உப்பும் மிளகாயும் முச்சந்தி மண்ணும் கொண்டு குழந்தைக்குச் சுற்றிப்போடுதலும், நலமாயிருந்தும் ஏதோ இருக்கிறோம் என்று விடையிறுத்தலும் வெறும் மூடநம்பிக்கைகள் எனத் தள்ளிவிடத்தக்கன அல்ல. பிறர் பார்வைக்கு அஞ்சி வாழவேண்டிய நெருக்கடியின் வெளிப்பாடுகள் அவை. அயலிலுள்ள சிங்களக் கிராமத்திலும் இதே அச்சம் உண்டு. கண்ணால் வரும் தீங்கை அவர்கள் ஏஸ்வஹ என்பர். நாவால் வரும் தீங்கைக் கட்டவஹ என்பர். மொழியால் வேறுபட்ட இரு மக்களும் ஒரே அச்சத்தைப் பகிர்ந்துகொள்கின்றனர் என்பது சிந்தனைக்குரியது.

அழுக்காறு எப்போதும் கீழிருந்து மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ மட்டும் செல்வதன்று என்பதையும் இங்கே குறித்தல் வேண்டும். சாதியால் தாழ்த்தப்பட்ட ஒரு குடும்பத்தின் பிள்ளை படித்து ஆசிரியராகிவிட்டால், அதுவரை கோயில் திருவிழாவில் முதல் காளாஞ்சி பெற்றுவந்தோர் மனத்தில் எழும் கசப்பு இல்லாமையால் வருவதன்று. மற்றவர்க்கு இல்லாதிருந்ததனாலேயே தமது உடைமைக்கு இருந்த மதிப்பு குன்றிவிட்டது என்பதே அவர்தம் துயரம். பொறாமை ஏழைகளின் நோய் என்னும் பொதுக் கருத்துக்கு இது தக்க மறுப்பாகும்.

4. கிராமமும் தோட்டமும்

லயத்துக்குள் நிகழ்வது பேரளவில் கிராமத்துக்கும் தோட்டத்துக்கும் இடையிலும் நிகழ்ந்தது. பொல்பிட்டிய உள்ளிட்ட அம்பகமுவைப் பகுதியிலே சிங்களக் கிராமங்களும் தேயிலைத் தோட்டங்களும் அருகருகே அமைந்துள்ளன. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டமும், 1897ஆம் ஆண்டின் தரிசு நிலச் சட்டமும் கண்டிய விவசாயிகள் சேனைக்கும் மேய்ச்சலுக்கும் பயன்கொண்ட மேட்டுநிலங்களைப் பெருந்தோட்டத்துக்குத் திறந்துவிட்டன. நிலத்தை இழந்த கிராமத்தவனின் கண்முன்னே அந்நிலத்தில் தென்னிந்தியத் தொழிலாளர் குடியமர்த்தப்பட்டனர். அவர்களுக்கு ஒழுங்கான சம்பள நாளும், கூரையும், மருந்துச் சாலையும் உள்ளனவாக அவனுக்குத் தோன்றியது. தொழிலாளியின் பார்வையிலோ கிராமத்தவனுக்கு ஊரும், சொந்த வீடும், வயலும், பின்னாளில் ஐயத்துக்கிடமற்ற வாக்குரிமையும் இருந்தன. ஒருவன் இல்லாமை மற்றவன் உடைமையாகத் தென்பட்டது. நிலத்தை எடுத்தவரும் உழைப்பை எடுத்தவரும் ஒருவரே என்பது இருவர் கண்ணுக்கும் எளிதிற் புலப்படவில்லை.

இந்த மனக்கசப்பு அரசியலுக்கு எரிபொருளாயிற்று. 1931இல் சர்வசன வாக்குரிமை அறிமுகமான காலத்திலேயே, தோட்டத் தொழிலாளர் வாக்குகளால் கண்டிய மக்கள் மூழ்கடிக்கப்படுவர் என்னும் அச்சம் எழுப்பப்பட்டது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 தொகுதிகளில் வெற்றி கண்டது. அவ்வெற்றியின் மறுஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. 1949இல் இயற்றப்பட்ட இந்திய, பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டத்தின்கீழ் ஏறத்தாழ 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பிக்கப்பட்டும், குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே. 1964 ஒக்ரோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். மனிதரையே எல்லைக்குட்பட்ட பண்டமாகப் பங்கிட்ட கணக்கு இது. குடியுரிமையும் இப்போது அரிய பொருளாயிற்று. ஒரே லயத்தில் ஒருவனுக்குக் கிடைத்தது, மற்றவனுக்குக் கிடைக்கவில்லை. நாட்டின் சட்டமே அடுத்த காம்பிராவின்மீது ஏக்கப் பார்வையைத் திருப்பிவிட்டது.

கிராமத்தவன் பெற்றது என்ன? 1949இல் நியமிக்கப்பட்ட கண்டிய விவசாயிகள் ஆணைக்குழு 1951இல் அளித்த அறிக்கை, காணியின்மையையும் வறுமையையும் விரிவாக எடுத்துக்காட்டியது. தொழிலாளி வாக்கை இழந்ததனால் கிராமத்தவன் ஒரு பேர்ச்சஸ் நிலமேனும் பெற்றானில்லை. 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரும், நிலப் பங்கீடு இரு வறியோரை எதிரெதிரே நிறுத்தும் முறையிலேயே நடைபெற்றது. நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்து வழங்கும் முயற்சிக்குத் தொழிலாளர் எதிர்ப்புத் தெரிவித்தபோது, 1977 மே 11ஆந் திகதி டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் என்னும் இளந்தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். அதே ஆண்டிலும், 1981இலும், 1983இலும் வன்செயல்கள் மலையகத் தமிழரைத் தாக்கின. எரிந்த லயத்திலிருந்தும் எரிந்த கடையிலிருந்தும் எந்தக் கிராமத்துக்கும் வாழ்வு வந்ததாக வரலாறு இல்லை.

கண்டிய விவசாயியின் காணிக் குறை நியாயமானது என்பதை நாம் மறுத்தலாகாது. அந்நியாயமான குறை தவறான முகவரிக்கு அனுப்பப்பட்டதே இங்கு நேர்ந்த அவலம். நியாயத்தில் பிறந்த சினமும் தன் இலக்கை மறந்தபோது அழுக்காறாகத் திரிபடைகின்றது.

5. அழுக்காறு வேறு, அறச்சீற்றம் வேறு

இவ்விடத்தில் ஒரு கோட்பாட்டுச் சிக்கலை எதிர்கொள்ளல் அவசியமாகின்றது. சமத்துவக் கோரிக்கை யாவும் பொறாமையின் மாறுவேடமே என்னும் வாதம் நெடுங்காலமாக உண்டு. நீதியுணர்வின் மூலத்தை அடக்கப்பட்ட பொறாமையிலே பிராய்ட் 1921இற் கண்டார். ஹெல்முட் ஷோக் 1966இல் வெளியிட்ட பொறாமை பற்றிய நூலில் இதனையே சமதர்ம இயக்கங்களுக்கு எதிரான வாதமாக விரித்தார். மறுபுறத்தில், 1971இல் நீதிக் கொள்கை பற்றிய தமது நூலில் ஜோன் றோல்ஸ் இவ்விரண்டையும் தெளிவாக வேறுபடுத்தினார். அநீதி இழைக்கப்பட்டதென்னும் காரணத்தைக் காட்டி எழும் சினம் அறவுணர்வைச் சார்ந்தது. பொறாமை அத்தகைய காரணங் காட்டும் கடமையை ஏற்பதில்லை. கார்ல் மார்க்ஸ் தாமும் 1844ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படிகளிலே, எல்லோரையும் ஒரே மட்டத்துக்குத் தாழ்த்த விரும்பும் பக்குவமற்ற பொதுவுடைமையைப் பொதுமையாக்கப்பட்ட பொறாமை என்று கண்டித்தார் என்பது முற்போக்குச் சிந்தனையாளர் மறக்கத்தகாத செய்தியாகும். பொறாமையை மூலதனமாகக் கொண்டு விடுதலை இயக்கம் கட்டமுடியாது.

ஆயின் நடைமுறை வாழ்வில் இவற்றை எவ்வாறு வேறுபடுத்துவது? மூன்று உரைகற்களைக் கூறலாம். முதலாவது, மற்றவன் பெற்ற நன்மை அழிந்து, நமக்கு ஒன்றும் கிடையாதொழியினும் நாம் மகிழ்வோமா? மகிழ்வோமாயின் அது அழுக்காறு. இரண்டாவது, நம் கோரிக்கையை அம்மற்றவன் முன்னிலையிலேயே காரணத்தோடு எடுத்துரைக்க முடியுமா? முடியாதாயின் அது ஐயத்துக்குரியது. மூன்றாவது, நம் சினம் பெற்ற கையை நோக்குகின்றதா, பங்கிட்ட கையை நோக்குகின்றதா?

பெண் தொழிலாளர் சமசம்பளம் பெற்ற வரலாற்றை இவ்வுரைகற்களில் உரைத்துப் பார்க்கலாம். ஒரே தோட்டத்தில், கூடிய நேரம் உழைத்தும் பெண்களுக்கு ஆண்களிலும் குறைந்த நாட்சம்பளமே நெடுங்காலம் வழங்கப்பட்டது. 1984இல் அவ்வேறுபாடு நீங்கியது. ஆண்களின் சம்பளத்தைக் குறைக்குமாறு பெண்கள் கேட்கவில்லை. தம் கணவரும் சகோதரரும் அறியவே அக்கோரிக்கை எழுந்தது. அது நோக்கியது சம்பளத்தை நிர்ணயித்த அமைப்பை. அதனைப் பொறாமை என எவரும் கூறவியலாது. அவ்வாறு கூறியிருந்தால், அது நியாயத்தின் வாயை அடைக்கும் சூழ்ச்சியாகவே இருந்திருக்கும். பொறாமைப்படாதே என்னும் அறவுரை உடையோர் வாயிலிருந்து இல்லாதோர் செவிக்கு வரும்போது நாம் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

மறுதலையாக, தோட்டப் பிள்ளையொருத்தி பல்கலைக்கழகம் புகுந்தபோது, அவள் குடும்பத்தைப் பற்றி அவதூறு பேசுவோர் தம்மைச் சமத்துவவாதிகள் எனக் கூறிக்கொள்ளினும், மூன்று உரைகற்களிலும் தோற்றுவிடுகின்றனர். அவள் படிப்பை இழந்தால் அவர்கள் பிள்ளை படிக்கப்போவதில்லை. அவள் முன்னிலையில் அதனைக் கூறவும் அவர்கள் துணியார். தோட்டப் பாடசாலையிலே உயர்தர வகுப்பு ஏன் இல்லை என்று அவர்கள் எவரையும் கேட்டதுமில்லை.

6. அண்மைக்கால நிலை

1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களால் நாடற்றோர் சிக்கல் பெருமளவு தீர்ந்தது. 1992இல் தோட்டங்களின் முகாமைத்துவம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாக்கப்பட்டபோது, பறிக்கவேண்டிய கொழுந்தின் அளவு கூட்டப்பட்டதாகப் பல தோட்டங்களில் தொழிலாளர் முறையிட்டனர். சட்டப்படி ஒரே சம்பளம். ஆயினும் முழுப்பேர் பெறுபவள் யார், அரைப்பேர் பெறுபவள் யார் என்னும் பழைய ஒப்பீடு அதனால் மேலும் கூர்மையடைந்தது.

தனிவீட்டுத் திட்டங்களும் இவ்வகையில் ஆராயத்தக்கன. ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் காணியும் தனிவீடும் என்பது லயத்தின் ஒற்றைச் சுவரை உடைக்கும் வரலாற்று முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆயின் லயத்திலே பல குடும்பங்கள் வாழ, சிலவற்றுக்கே முதலில் வீடு கிடைக்கும்போது, எந்த ஒழுங்கில் பெயர்கள் தெரிவுசெய்யப்பட்டன என்பது யாவரும் காணப் பலகையில் எழுதப்படாவிடின், வீடு பெற்றவன் தன் புதுமனை புகுவிழாவிலேயே பழைய அயலவரை இழக்க நேரிடும். தொழிற்சங்கச் சார்பு ஒரு காரணமாகுமாயின், அல்லது அவ்வாறு நம்பப்படுமாயினும், கங்காணியின் நிரைப் பங்கீடு வேறு பெயரில் மீண்டு வந்ததாகவே முடியும்.

எனவே அழுக்காற்றுக்கு மருந்து அறவுரை மட்டுமன்று. பங்கீட்டின் விதி யாவர்க்கும் தெரிந்ததாக இருத்தல், விதியை மீறியோரிடம் விளக்கம் கேட்க வழியிருத்தல், பங்கிடப்படும் நன்மையின் அளவே பெருகுதல் ஆகிய மூன்றும் வேண்டும். வரிசை எண் தெரிந்தவன் முன்னே நிற்பவனைப் பகைப்பதில்லை. தன் முறை வருமெனக் காத்திருக்கின்றான். வரிசையே இல்லாத இடத்தில்தான் முட்டிமோதல் நிகழ்கின்றது.

இதனால் தனிமனிதப் பண்பாடு பயனற்றதென்பது கருத்தன்று. பௌத்தம் மைத்திரி, கருணை, உபேட்சை என்பவற்றோடு முதிதையையும் சேர்த்து எண்ணியது. பிறர் மகிழ்ச்சி கண்டு தானும் மகிழ்தலே முதிதை. சிங்களக் கிராமத்து விகாரையிலே போதிக்கப்படும் முதிதையும், தமிழ்ப் பிள்ளை பாடசாலையிற் படிக்கும் அழுக்காறாமையும் ஒரே பண்பின் இரு பெயர்கள். ஆனால் பண்பு வேரூன்ற நிலம் வேண்டும். அடுத்தவள் கூடை நிறைந்ததனால் தன் கூடை குறையாது என்னும் உறுதி கிட்டும்போதே, அவள் கூடையைப் பார்த்து மகிழும் மனம் இயல்பாகின்றது.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அமுலாகியது. கொழும்பின் மாடங்களும் மலையகத்தின் லயங்களும் அவ்வேளை ஒருங்கே இருளில் ஆழ்ந்தன. முன்னொரு காலத்தில் தலைக்கு மேலே சென்ற ஒளியை அண்ணாந்து பார்த்திருந்தோருக்கு அவ்விருள் எவ்வித ஆறுதலையும் தரவில்லை. லயத்து மக்கள் கேட்டது பிறர் விளக்கு அணையவேண்டும் என்பதன்று. தம் காம்பிராவிலும் ஒரு விளக்கு எரியவேண்டும் என்பதே. முன்னைய விருப்பத்துக்கு அழுக்காறு என்று பெயர். பின்னையதற்கு உரிமை என்று பெயர். இவ்விரண்டையும் பிரித்தறியும் தெளிவை மக்களிடையே வளர்ப்பது கற்றோரின் பணியாகும்.